திறன்பேசியில் ரா புகைப்படம்: நெகட்டிவ் திரும்பி வந்த வரலாறு

ரா படம் என்பது கேமராவின் உணரியில் விழுந்த ஒளியின் அளவுகளை, நிறமோ பளபளப்போ கூட்டாமல், அப்படியே சேமித்து வைக்கும் கோப்பு ஆகும். பச்சை அரிசி, பச்சைக் களிமண் என்று சொல்லும்போது உள்ள 'பச்சை'தான் இதன் பொருள், இன்னும் பக்குவப்படுத்தாதது. திறன்பேசிகளில் இந்த வசதி 2013-இல்தான் வரத் தொடங்கியது. ஆனால் படம் எடுப்பது ஒரு வேலை, அதைக் கழுவிப் பிரிண்ட் போடுவது வேறொரு வேலை என்ற எண்ணம் தமிழகத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியது. இடையில் சில ஆண்டுகள் அது மறந்துபோயிருந்தது என்பதே சரி.

லோயர் கேம்பின் வெளிச்சம்

தேனி மாவட்டத்தில் கூடலூரைத் தாண்டி, குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று இங்கே திறக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் பெருங்குழாய்களும், 1958-இல் மின்னாக்கம் தொடங்கிய பெரியாறு புனல்மின் நிலையமும் இங்கேதான் உள்ளன. பொங்கல் நாட்களில், பென்னிகுயிக்கின் பிறந்த நாளையொட்டி, மண்டபத்தின் முன் நின்று படம் எடுக்காதவர் குறைவு.

அந்தப் படங்கள் பலவற்றில் ஒரே குறை தென்படும். மலைத்தொடர் ஊருக்கு மேற்கே நிற்பதால் மாலையில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஊர் நிழலில் கிடக்கும். வானம் மட்டும் இன்னும் பிரகாசமாக இருக்கும். மனிதக் கண் இரண்டையும் ஒருசேரப் பார்க்கும். கேமராவால் அது எளிதில் முடியாது. முகம் தெளிந்தால் வானம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். வானம் நின்றால் முகம் கரியாகும்.

பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் சிக்கல் வேறு விதமானது. பந்தலின் அடியில் நிற்பவர் மேல் விழும் ஒளி இலைகளின் வழியாக வடிந்து வருவது. அதனால் தோலிலும் வெள்ளைச் சட்டையிலும் பச்சை ஏறும். சாதாரண ஜேபெக் படத்தில் அந்த நிறம் பெரும்பாலும் படிந்தே போய்விடுகிறது. பிறகு திருத்தினால் பழத்தின் நிறமும் கெடும். ரா படத்தில் நிறத்தை இன்னும் எதுவும் தீர்மானித்திருக்கவில்லை. ஆகவே எடுத்த பிறகும் நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

டிரைப்பின் மேகங்கள்

இதே வானம்தான் தமிழகத்தின் முதல் புகைப்படக்காரர்களையும் படுத்தியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைப் படமாக்கினார். தேனி மாவட்டம் பிரியும்வரை கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரையைச் சேர்ந்ததே என்பதால், அந்தப் படங்களை இம்மண்ணின் புகைப்பட வரலாற்றுக்குத் தொடக்கமாகக் கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத்துக்கு அவர் உருவாக்கிய தொடர்காட்சி இன்றும் வியப்பூட்டுவது.

டிரைப் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அன்றைய வேதிப்பூச்சு நீல ஒளிக்கே அதிகம் உணர்வுடையதாக இருந்ததால், வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. அவர் என்ன செய்தார்? நெகட்டிவின் மேல் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார். மங்கிய இலைகளுக்கும் உரு கொடுத்தார். திறன்பேசித் திரையில் விரலால் வானத்தைத் திருத்துபவருக்கு இவர் முன்னோடி. ஒரு வேறுபாடு உண்டு: டிரைப் தீட்டியது மூலத்தின் மேலேயே.

பின்னாளில் ஊர்தோறும் வந்த ஸ்டூடியோக்களிலும் இந்தக் கைவேலை தொடர்ந்தது. கூரிய பென்சிலால் நெகட்டிவில் தழும்பை மறைப்பதும் கன்னத்தைத் தெளிவாக்குவதும் 'டச்சிங்' எனப்பட்டது. நல்ல டச்சிங் ஆளுக்குத் தனி மதிப்பு இருந்தது. கல்யாணப் படம் எடுத்தவர்கள் நெகட்டிவையும் கேட்டு வாங்கி, ஆல்பத்தோடு பெட்டியில் பூட்டி வைத்தார்கள். படம் மங்கினாலும் மறுபடி போடலாம் என்ற நம்பிக்கை அது.

டிஜிட்டல் காலம் செய்த மாற்றம்

கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970-களின் நடுவில் உருவாக்கிய வண்ண வடிகட்டிதான் இன்றும் பெரும்பாலான உணரிகளுக்கு அடிப்படை. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். பாதிப் புள்ளிகள் பச்சைக்கு உரியவை. மனிதக் கண் பச்சையை நுணுக்கமாக உணர்வதே காரணம். மற்ற இரு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்ப வேண்டும். பிறகு வெண்மையைச் சரிசெய்து, இருளையும் ஒளியையும் ஒழுங்குபடுத்தி, கூர்மை கூட்டி, கடைசியில் சுருக்கினால் ஜேபெக் கிடைக்கும்.

திறன்பேசி இவை அனைத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டு, உணரி தந்த மூல அளவுகளைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஸ்டூடியோக்காரர் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு நெகட்டிவைக் கிழித்துப் போட்டால் எப்படி இருக்கும்? பல ஆண்டுகள் கைபேசியில் நடந்தது அதுதான், யாரும் கேட்கவில்லை.

இழப்பை எண்ணிக்கையிலும் சொல்லலாம். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். 10 பிட் உணரி அளப்பது 1024 படிகள்; 12 பிட் என்றால் 4096. லோயர் கேம்பின் மாலை நிழலில் ஒளிந்திருக்கும் முகம் அந்தக் கூடுதல் படிகளுக்குள் இருக்கிறது.

திறன்பேசிக்கு வந்த பாதை

ஒவ்வொரு கேமரா நிறுவனமும் தனக்கென ஒரு ரா வடிவம் வைத்திருந்த குழப்பத்துக்கு விடையாக, அடோபி நிறுவனம் 2004-இல் டிஎன்ஜி என்ற பொது வடிவத்தை வெளியிட்டது. அதன் பெயரிலேயே 'டிஜிட்டல் நெகட்டிவ்' என்ற சொல் இருக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட நோக்கியா லூமியா 1520 இவ்வடிவில் படம் எடுத்தது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0, 2016-இல் ஐஓஎஸ் 10 ஆகியவை ரா படத்துக்கு வழிவிட்டன. அதன்பின் விலை குறைந்த திறன்பேசிகள் சிலவற்றிலும் 'புரோ' முறையில் இந்த வசதி இடம்பெற்றது.

இந்த இடத்தில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். முதன்முறை ரா எடுப்பவருக்கு, அதே நேரத்தில் பதிவான ஜேபெக்கே அழகாகத் தோன்றும். ரா படம் சோர்ந்து, மணல் தூவினாற்போல் புள்ளிகளுடன் இருக்கும். திறன்பேசியின் உணரி மிகச் சிறியது. அந்தக் குறையை மறைக்கவே இன்றைய திறன்பேசிகள் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலந்து ஜேபெக் தயாரிக்கின்றன. வழக்கமான ரா படமோ ஒற்றைப் பதிவு. இந்த இடைவெளியை நிரப்ப, கூகுள் பிக்சல் 3 திறன்பேசி 2018-இல் பல பதிவுகளைக் கலந்த ரா படத்தைத் தந்தது. ஆப்பிள் 2020-இல் புரோரா என்பதைக் கொண்டுவந்தது. இவை பயனுள்ளவை, ஆனால் முழுப் பச்சை அல்ல, பாதி வெந்தவை.

கழுவும் வேலை

எடுக்கும்போதே வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. மாலை வெளிச்சத்தில், வானம் வெளுக்காத அளவுக்கு ஒளிப்பதிவைச் சற்றுக் குறைத்து எடுக்க வேண்டும். நிழலில் இருப்பதைப் பிறகு மீட்கலாம். முற்றிலும் வெளுத்த இடத்தில் மீட்க எதுவும் இராது. ஸ்நாப்சீட், லைட்ரூம் போன்ற செயலிகளில் முதலில் வெண்மையைச் சரிசெய்வது நல்லது. திராட்சைப் பந்தலின் பச்சை அங்கேயே அடங்கிவிடும். அடுத்து வானத்தின் ஒளியைத் தணித்து நிழலை உயர்த்த வேண்டும். அளவு மீறினால் மலை அட்டைப் படம்போல் ஆகிவிடும். புள்ளிகளைக் குறைப்பதும் கூர்மை கூட்டுவதும் கடைசியில்.

இத்தனை செய்தும் மூலக் கோப்பு மாறுவதில்லை. செயலி குறித்துவைப்பது திருத்தங்களின் குறிப்பை மட்டுமே. டிரைப்பின் தூரிகைக்குக் கிடைக்காத வசதி இது.

சாட்சியாக ஒரு கோப்பு

மூலம் மாறாமல் இருப்பது வேறொரு கேள்வியைக் கொண்டுவருகிறது: ரா படம் உண்மைக்குச் சான்றாகுமா? வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பு கேட்கப்படுகிறது. திருத்தம் எல்லை மீறியதா என்று ஒப்பிடுவதற்காக. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமோ 2015 நவம்பரில் இதற்கு நேர்மாறாக, ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமரா தந்த ஜேபெக்கே போதும் என்று தன் சுயாதீனப் புகைப்படக்காரர்களுக்கு அறிவித்தது. முதல் முடிவு மூலத்தை நம்புகிறது. இரண்டாவது, மூலத்தைக் கையாளும் மனிதரைச் சந்தேகிக்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் வேறாகிவிடும் எண் அது. அணை, நீர், எல்லை குறித்து நீண்ட காலமாக வழக்குகளைப் பார்த்த பள்ளத்தாக்கில் இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ரா கோப்பு தானாகச் சத்தியம் செய்வதில்லை. எதிரே நின்றதைத்தான் அது பதியும். எதிரே நாடகம் நடந்தால் நாடகத்தையே பதியும்.

தொலைந்த நெகட்டிவ்கள்

கொழும்பில் வாழ்ந்து 1944-இல் மறைந்த லயனல் வெண்ட், இருட்டறை வேலையில் தெற்காசியாவின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவர். அவர் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை அவர் காலத்துப் பிரிண்டுகளே. தமிழகத்திலும் ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்கள் பல குப்பைக்குப் போயின. மிஞ்சியவற்றில் ஒரு பகுதியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன் படியெடுத்தனர்.

ரா கோப்புக்கும் அந்த ஆபத்து உண்டு. 12 மெகாபிக்சல் படம் ஒன்று 20 மெகாபைட்டைத் தாண்டலாம். திறன்பேசி நிறைந்ததும் முதலில் அழிக்கப்படுவது அதுதான். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் சுருங்கிய ஜேபெக்தான் போய்ச்சேரும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் டிஎன்ஜி முழுதாகச் செல்லும். கணினியில் ஒரு படி, வெளியே தனி வன்தட்டில் ஒரு படி என இரண்டு இடத்தில் வைத்து, எடுத்த நாளையும் இடத்தையும் நிற்பவர் பெயரையும் கோப்புறையின் தலைப்பிலேயே எழுதிவைப்பது வழக்கமாகி வருகிறது. ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் உறையின் மேல் எழுதிய விவரமும் ஏறத்தாழ அதேதான்.