சட்டைப் பையில் ஒரு சாவிக்கொத்து

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்த பேரன், பழைய ஒன்பிளஸ் போன் ஒன்றை என் முன்னால் வைத்தான். யாரோ விற்றதை மலிவாக வாங்கினானாம். "தாத்தா, இதுல காலி போட்டிருக்கேன்" என்றான்.

எனக்குத் தெரிந்த காலி இரண்டுதான். ஒன்று, மாதக் கடைசியில் குமாஸ்தாவின் சட்டைப் பை. இன்னொன்று, தெருமுனையில் நிற்கும் காலிப் பயல். இவன் சொன்னது மூன்றாவது. காலி லினக்ஸ் என்பது கணினிகளிலும் வலைப்பின்னல்களிலும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கருவிகளை ஒரே இடத்தில் அடுக்கி வைத்த இயங்குதளம். அதைப் போனுக்கென்று மாற்றியமைத்த பதிப்புக்கு நெட்ஹன்ட்டர் என்று பெயர். "அடுத்தவன் வீட்டுப் பூட்டைத் திறக்கிற வேலையா?" என்று கேட்டேன். "இல்ல தாத்தா, பூட்டு நல்லாருக்கான்னு பாக்கிற வேலை" என்றான்.

பதில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. ஆனால் என் மனம் சமாதானமாகவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூட்டைச் சோதிப்பவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வி கணினிக்கு வெகு காலம் முந்தியது. லண்டனில் பிரமா என்ற பூட்டுக் கம்பெனி, தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் எழுதி வைத்திருந்தது. 1851-ஆம் ஆண்டு மகா கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், முதலில் புகழ்பெற்ற சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். பிறகு பிரமா பூட்டோடு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் மல்லுக்கட்டி அதையும் திறந்தார். திருடர்களுக்கு வழி காட்டிவிட்டார் என்று ஒரு கூட்டம் கூச்சல் போட்டது. திருடர்களுக்கு இதெல்லாம் முன்னமே தெரியும், தெரியாதது பூட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் என்பது ஹாப்ஸின் கட்சி. அந்த வழக்கு இன்றைக்கும் முடியவில்லை.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு வரலாற்று முசியே சொன்ன பூட்டுக்காரர் கதை வேறு. பதினாறாம் லூயி மன்னனுக்குப் பூட்டு வேலை என்றால் உயிர். அவனுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த கமேன் என்பவர்தான், துய்லரி அரண்மனைச் சுவருக்குள் ரகசிய இரும்பு அலமாரி ஒன்றை அமைக்க உதவினார். புரட்சி முற்றியபோது, 1792 நவம்பரில், அதே கமேன் உள்துறை அமைச்சர் ரோலானிடம் போய் அலமாரி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டார். உள்ளே கிடைத்த காகிதங்கள் மன்னனுக்கு எதிரான விசாரணையில் சாட்சியாயின. அடுத்த ஜனவரி 21-ஆம் தேதி தலை போயிற்று. பூட்டின் சூட்சுமம் தெரிந்தவனை நம்பவும் முடியாது, அவன் இல்லாமல் வாழவும் முடியாது என்று பத்து வயதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கணினி உலகின் ஹாப்ஸ் என்று டான் ஃபார்மரைச் சொல்லலாம். அவரும் வீட்சே வெனிமாவும் சேர்ந்து, ஒரு வலைப்பின்னலின் ஓட்டைகளைத் தானாகத் தேடும் சாத்தான் என்ற நிரலை 1995 ஏப்ரலில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். பெயரே பலரைக் கலங்கடித்தது. பெயர் பிடிக்காதவர்களுக்காக 'மனந்திரும்பு' என்ற கட்டளை ஒன்றையும் உள்ளே வைத்திருந்தார்கள். அதை இயக்கினால் சாத்தான், எழுத்து இடம் மாறி, சான்டா ஆகிவிடும். இந்த வெளியீட்டை ஒட்டி ஃபார்மர் தன் வேலையை இழந்தார். ஓட்டையைக் காட்டியவனுக்குக் கிடைத்த பரிசு அது.

கருவிகள் பெருகின. 1997-இல் என்மேப் வந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கணினியில் நிறுவுவது பெரும்பாடு. இதற்கு வழி ஜெர்மனியிலிருந்து வந்தது. கிளாஸ் க்னாப்பர் 2000-ஆம் ஆண்டில் நாப்பிக்ஸை வெளியிட்டார். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், சி.டி.யைப் போட்டால் லினக்ஸ் எழுந்து நிற்கும், எடுத்துவிட்டால் வந்த சுவடு இருக்காது. சொந்த அடுப்பும் பாத்திரமும் கொண்டு வந்து சமைத்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போகும் கல்யாணச் சமையல்காரர் மாதிரி.

பாதுகாப்புக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மேக்ஸ் மோசர் ஆடிட்டர் என்ற தொகுப்பைச் செய்தார். தணிக்கையாளர் என்ற அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடிட் பார்ட்டி வருகிறது என்றால் எங்கள் ஆபீசில் மூன்று நாள் தூக்கம் போகும். மாட்டி அகரோனி ஹ்வாப்பிக்ஸையும் பிறகு ஹ்வாக்ஸையும் செய்தார். 2006-இல் இரு தரப்பும் கைகோத்து பேக்டிராக் பிறந்தது. அது ஏழாண்டு காலம் ஓடியது. ஒட்டுப் போட்ட வேட்டியை எத்தனை நாள் கட்டுவது என்று, அஸ்திவாரத்தோடு இடித்து டெபியன் மீது புதிதாகக் கட்டினார்கள். அதுதான் காலி. 2013 மார்ச் 13-ஆம் தேதி வெளியானது.

கம்பியில்லா வலையின் கதை தனி. வைஃபைக்கு முதலில் போட்ட பூட்டின் பெயர் வெப். அதன் குறியாக்கத்தில் உள்ள பலவீனத்தை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001-இல் எழுதிவிட்டார்கள். அதை நடைமுறையில் செய்துகாட்டிய ஏர்கிராக் என்ற நிரலை எழுதியவர் கிறிஸ்தோஃப் தெவீன், பிரெஞ்சுக்காரர். 2006 முதல் அதை வளர்த்தெடுத்தவர் பெல்ஜியத்தின் தொமா தோத்ரேப். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், 104 பிட் வெப் சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். ஆறு ஆண்டுகளாகச் சொல்லியும் பல இடங்களில் அதே பூட்டுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

காலியில் உள்ள கருவிகளில் மிமிகாட்ஸும் ஒன்று. இதுவும் பிரெஞ்சுக்காரர் ஒருவருடையதுதான். பெயர் பெஞ்சமின் தெல்பி. விண்டோஸ் தன் நினைவகத்தில் கடவுச்சொற்களை மீட்டெடுக்கக்கூடிய விதத்தில் வைத்திருப்பதைக் கவனித்து, தயாரித்தவர்களுக்கே தெரிவித்தார். கணினி ஏற்கெனவே அடுத்தவன் கைக்குப் போயிருந்தால்தானே இது நடக்கும், ஆகவே இது ஓட்டையே இல்லை என்று பதில் வந்தது. 2011-இல் அவர் நிரலை வெளியிட்டார். தன் வலைப்பூவில் அதைப் பற்றிப் பிரெஞ்சில்தான் எழுதினார். அகராதி இல்லாமல் படித்தேன். என் பள்ளிப் படிப்பு இந்த வயதில் இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

இனி பேரனின் போனுக்கு வருகிறேன். வைஃபையைச் சோதிப்பவர் கட்டடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மடிக்கணினியைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு நடந்தால் காவலாளி பார்க்க மாட்டாரா? அதனால் கைக்கு அடக்கமான கருவி வேண்டும் என்ற ஆசை ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2002-இல் ஷார்ப் கம்பெனி கொண்டுவந்த சௌரஸ் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில் ஓடியது. அதில் கிஸ்மெட் நிரலைப் போட்டுக்கொண்டு வைஃபை தேடி நடந்தார்கள். பிறகு நோக்கியா என்900 வந்தது. அதன் உள்ளே இருந்த மேமோ, டெபியனின் உறவுக்காரன். 2011-இல் வந்த பேக்டிராக் 5, கைக்கருவிகளில் உள்ள ஆர்ம் சில்லுக்கென்று தனிப் பதிப்பே வைத்திருந்தது. கடைசியாக 2014 செப்டம்பரில், பிங்கிபேர் என்ற புனைபெயர் கொண்ட ஆர்வலரும் காலியை உருவாக்கிய ஆஃபென்சிவ் செக்யூரிட்டியும் சேர்ந்து நெட்ஹன்ட்டரைக் கொடுத்தார்கள். முதலில் நெக்சஸ் கருவிகளுக்கு மட்டும். பிறகு ஒன்பிளஸ் முதலிய மற்றவற்றுக்கும்.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் என்னை வியக்க வைத்தது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் கெர்னல் லினக்ஸ்தான். ஆகவே ஆண்ட்ராய்டை வெளியேற்ற வேண்டியதில்லை. சிஎச்ரூட் என்று பழைய யூனிக்ஸ் வித்தை ஒன்று இருக்கிறது, 1979-இலேயே வந்தது. ஒரு கோப்புறையைக் காட்டி, "உனக்கு உலகமே இவ்வளவுதான்" என்று நிரலிடம் சொல்லிவிடுவது. அந்தக் கோப்புறைக்குள் முழுக் காலியையும் வைத்துவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே கிணறு, இரண்டு குடித்தனம். ஆண்ட்ராய்டு முன்கட்டில், காலி பின்கட்டில்.

ஆனால் கிணற்றில் ஒரு சிக்கல். போன் கம்பெனி தரும் கெர்னல், போனுக்குத் தேவையானதை மட்டுமே செய்யும். காற்றில் போகும் எல்லா வைஃபை பொட்டலங்களையும் கேட்கவும், நாமே தயாரித்த பொட்டலத்தை அனுப்பவும் அதற்குத் தெரியாது. யூ.எஸ்.பி. கம்பியில் சொருகியதும் "நான் ஒரு கீபோர்டு" என்று கணினியிடம் வேஷம் போடவும் தெரியாது. இவற்றுக்கான ஒட்டுகளைச் சேர்த்து ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகக் கெர்னலைக் கட்ட வேண்டும். ஒரு மாடலுக்குக் கட்டியதை இன்னொன்றில் போட்டால் போன் எழாது. பேரன் ஒரு போனைச் செங்கல்லாக்கிவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டான். போனில் உள்ள வைஃபை சில்லு பெரும்பாலும் ஒத்துழைக்காததால், வெளியே தனி வைஃபை அடாப்டரைச் சொருக வேண்டும். போனுக்குள் இருக்கும் பிராட்காம் சில்லையே வழிக்குக் கொண்டுவரும் நெக்ஸ்மான் என்ற ஒட்டு பின்னர் வந்தது. செய்தவர்கள், மறுபடியும் டார்ம்ஸ்டாட்காரர்கள்.

கீபோர்டு வேஷத்தை என் கணினியிலேயே காட்டினான். போனைச் சொருகினான், திரையில் எழுத்துகள் தாமாக ஓடின, "வணக்கம் தாத்தா" என்று. சிரித்தேன். ஆனால் அடிவயிற்றில் ஏதோ செய்தது. வணக்கத்துக்குப் பதில் வேறு எதையும் தட்டலாம் அல்லவா?

இப்போது அந்த இன்னொரு காரணம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. சம்பளப் பட்டியல் அதில் ஏறியது. தட்டச்சு செய்ய, தினக்கூலியில் ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒருநாள் என்னிடம் வந்து, "சார், எல்லாரோட பாஸ்வேர்டும் ஒரே ஃபைல்ல வெறும் எழுத்தா கெடக்கு சார். யார் வேணாலும் யார் சம்பளத்தையும் மாத்தலாம்" என்றான். "மேலே சொல்லு" என்றேன். போய்ச் சொன்னான். நம்ப மறுத்தார்கள். நிரூபிக்க, மேலதிகாரியின் கடவுச்சொல்லை அவர் முன்னாலேயே படித்துக் காட்டினான். அது அவர் மனைவியின் பெயர். அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

மறுநாள் அவனிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. அதைத் தயாரித்தவன் நான். "அனுமதியின்றி அரசு ஆவணத்தைப் பார்வையிட்டது ஏன்" என்று என் கையால் எழுதினேன். அவன் முதலில் என்னிடம் வந்ததும், நான் அவனை மேலே அனுப்பியதும் கோப்பில் ஒரு வரி ஏறியிருந்தால் போதும். எழுதவில்லை. எனக்குப் பதவி உயர்வு பட்டியலில் பெயர் இருந்த சமயம். மாதக் கடைசியோடு அவன் நின்றுவிட்டான். அந்த ஃபைல் நான் இடமாற்றலாகிப் போகும்வரை அப்படியேதான் கிடந்தது.

டான் ஃபார்மர் வேலையை இழந்த செய்தியைப் படித்தபோது என் கண் முன்னால் வந்தது அந்தப் பையனின் முகம். கையில் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க" என்று கேட்காமல் போன முகம்.

அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, எழுத்தில் அனுமதி. இன்றைக்கு இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம் என்கிறான் பேரன். எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக் கூடாது, எந்தத் தேதி வரை என்று உரிமையாளர் கையெழுத்திட்ட பிறகுதான் கருவியை எடுக்க வேண்டும். நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதைத் தவறு என்கிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. அந்தக் காகிதத்தின் அருமை தெரியாதவனா நான்? நாற்பது வருடம் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவன்.

ஆகவே பேரனிடம், "எங்க வீட்டு வைஃபையைச் சோதிக்கணும்னா மனு எழுதிக் கொண்டா" என்றேன். விளையாட்டு என்று நினைத்தான். விடவில்லை. பெறுநர், பொருள் எல்லாம் போட்டு அரைப்பக்கம் எழுதினான். பக்கத்து வீட்டு வைஃபையைத் தொடக் கூடாது என்று நான் ஒரு நிபந்தனை சேர்த்து, தேதியோடு கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலை காப்பியோடு அறிக்கை வந்தது. குடும்பத்தில் எல்லோருடைய போன் நம்பர், பிறந்த நாள், வண்டி நம்பர் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டு ஒப்பிட்டானாம். நான் விற்றுப் பல வருடமான ஸ்கூட்டரின் பதிவு எண்தான் என் கடவுச்சொல் என்று வெளிவர, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு கணம் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மேலதிகாரிக்கு அன்றைக்கு வந்த அதே கோபம் என்று உடனே அடையாளம் தெரிந்தது. காப்பியைக் குடித்து முடித்தேன். அறிக்கையின் அடியில், "கண்டறிந்து தெரிவித்தமைக்கு நன்றி. கடவுச்சொல் இன்றே மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்தேன். இருபத்தைந்து வருடம் முன்னால் வேறொரு கோப்பில் எழுதியிருக்க வேண்டிய வரி.