விண்கல்லில் உயிர்மூலம் தேடிய ஈழத்தறிஞர்

அண்டவெளி ஆராய்ச்சி என்றவுடன் ரொக்கெட்டையும் அதில் ஏறிச் சென்ற வீரரையும் நினைப்பதே பெருவழக்கு. அவ்வாராய்ச்சி அரும்பிய காலத்திலே, ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குடுவையை விட்டகலாது, விண்ணுலகு பற்றிய மிகப் பழைய வினாவொன்றுக்கு விடை தேடிய ஈழத்தவர் ஒருவர் உளர். அவரே கலாநிதி சிறில் பொன்னம்பெரும.

1923ஆம் ஆண்டு காலி நகரில் பிறந்த அவர், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பீ. ஏ. பட்டம் பெற்றார். பயின்ற பாடம் தத்துவம். பின்னர் இலண்டன் சென்று, பகலில் உழைத்து மாலையில் கற்போருக்கெனப் பெயர்பெற்ற பேர்க்பெக் கல்லூரியிலே, பேராசிரியர் பேர்ணாலிடம் இரசாயனவியல் கற்று 1959இல் மீண்டும் பட்டதாரியானார். தத்துவத்தைக் கைவிட்டு விஞ்ஞானம் புகுந்தார் எனக் கூறுவோர் உண்டு. அஃது அத்துணைப் பொருத்தமன்று. உயிர் யாண்டிருந்து வந்தது என்னும் வினா இரு துறைக்கும் பொதுவானதே. அமெரிக்காவின் பேர்க்லியில், நோபெல் பரிசாளர் மெல்வின் கல்வினின் கீழ் ஆராய்ந்து 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ரஷ்யாவின் ஸ்புட்னிக் 1957இல் வானிற் சென்றதன்பின் அமெரிக்கா நாஸா நிறுவனத்தை அமைத்திருந்தது. அதன் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், பிற கோளங்களில் உயிருண்டோ என ஆராயும் பிரிவிலே பொன்னம்பெரும சேர்ந்தார். மெதேன், அமோனியா, நீர் என்பவற்றின் கலவையில் இலத்திரன் கதிர்களைப் பாய்ச்சியபோது, மரபுப் பொருளின் கூறாகிய அடெனின் உண்டாதலை அவரும் கல்வின் முதலானோரும் 1963இல் வெளியிட்டனர். உயிரற்ற எளிய பொருள்களிலிருந்து உயிருக்கு வேண்டிய பொருள் தானே தோன்றக்கூடும் என்பது அதனாற் புலனாயிற்று. ஆயினும் குடுவையில் நிகழ்ந்தது விண்ணிலும் நிகழ்ந்ததோ? அதற்குச் சான்று விண்ணிலிருந்தே வரவேண்டும்.

சான்று கிடைத்தாலும் அதனை நம்புதல் எளிதன்று. 1864இல் பிரான்சிலே ஓர்கேய் என்னுமிடத்தில் வீழ்ந்த விண்கல்லில் உயிர்ச்சுவடு உண்டென 1961இல் சிலர் கூறினர். 1964இலோ, அக்கல்லின் ஒரு துண்டிலே யாரோ ஒருவர் தாவர விதையைப் பசையிட்டுப் பொதித்திருந்தமை வெளியாயிற்று. வஞ்சனையின்றியும் பிழை நேரும். மனிதர் விரல் தீண்டினாலே போதும், வியர்வையின் அமினோ அமிலம் கல்லில் ஒட்டிக்கொள்ளும்.

1969 ஜூலையில் சந்திரனிலிருந்து கொணரப்பட்ட மண்ணை ஆராய்ந்தோருள் பொன்னம்பெருமவின் குழுவும் ஒன்று. உயிரின் சுவடு எதுவும் அதிலில்லை. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரிலே ஒரு விண்கல் சிதறி வீழ்ந்தது. சேர்த்தெடுத்த துண்டுகள் 100 கிலோகிராமிற்கும் மேற்பட்டன. வீழ்ந்து நெடுநாளாகாத கல்லாதலின் மாசும் குறைவு. ஏம்ஸ் நிலையத்தார் அதனுட் பகுதியில் அமினோ அமிலங்களைக் கண்டனர். அவை மண்ணகத்து மாசு அல்லவென்று எங்ஙனம் துணிந்தனர் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

கல்முனைக் கடற்கரையில் வாழ்வோர்க்கு இதனைச் சங்கு கொண்டு விளக்கலாம். கடல் தரும் சங்குகளெல்லாம் பெரும்பாலும் இடம்புரியே, வலம்புரி கிடைத்தற்கரியது. அமினோ அமிலங்களும் கிளைசின் ஒன்று நீங்கலாக இடம்புரி, வலம்புரி என இருவகைப்படும். உயிர்கள் தம் புரதத்தை ஆக்கக்கொள்வது இடம்புரியையே. எனவே மனிதர் கைம்மாசாயின் இடம்புரியே மிகுந்திருத்தல் வேண்டும். மேர்ச்சிசன் கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாயிருந்தன! புரதங்களில் வழங்காத அமினோ அமிலங்களும் உடனிருந்தன. ஆகவே அவை இந்நிலவுலகத்தன அல்ல. அச்சரிபாதியே மற்றொன்றையும் உணர்த்திற்று: அவற்றை ஆக்கியது உயிரன்று, வெறும் இரசாயன நிகழ்ச்சியே. விண்ணில் உயிரைத் தேடியவர், உயிரைக் கண்டேன் என முழங்காது, அதன் மூலப்பொருளையே கண்டோம் என்றமைந்தனர்.

1970 டிசெம்பரில் இது வெளியாயிற்று. கட்டுரையாசிரியர் எண்மர், முதற்பெயர் குவென்வோல்டனுடையது. இதனைப் பொன்னம்பெரும ஒருவரின் தனிச்சாதனையாகப் புகழ்தல் அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

1971இல் அவர் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் சென்றார். 1984 முதல் ஈழத்திலும் பணியேற்று, ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகவும் கண்டி அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார். மறைந்தது 1994 டிசெம்பர் 20. மூன்றாண்டு கழித்து, 1997இல், அதே மேர்ச்சிசன் கல்லிலே, உயிர்களிடத்து வழங்காத சில அமினோ அமிலங்களில் இடம்புரி சிறிதே மிகுந்திருத்தலைக் குரோனின், பிசரெல்லோ என்னும் இருவர் கண்டறிந்தனர். உயிர்கள் இடம்புரியையே தெரிந்துகொண்டது ஏன் என்னும் வினா அதனோடு விண்வெளிக்கும் சென்றது.