குர்பானிக் கிடாவுக்கு எந்த வயதில் காயடிக்கலாம்?

ஹஜ்ஜுப் பெருநாளை எதிர்பார்த்து வீட்டிலேயே கிடாக்குட்டி வளர்ப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். குட்டி சற்று வளர்ந்ததும் ஒரு கேள்வி எழுகிறது: காயடிக்கலாமா? அடிப்பதென்றால் எப்போது?

முதலில் மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் காயடிக்கப்பட்ட இரண்டு செம்மறிக் கிடாக்களைக் குர்பானி கொடுத்த செய்தி இப்னு மாஜா, அஹ்மத் ஆகிய நூல்களில் உள்ளது. காயடிக்கப்படாத கிடாவைக் கொடுத்த செய்தியும் உண்டு. எனவே இரண்டுமே குர்பானிக்குத் தகும். காயடிக்கும் செயலைப் பொறுத்தவரை, உண்ணத் தகுந்த பிராணிக்குச் சிறு வயதில் செய்யலாம், பெரிதான பின் கூடாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபில் அதனால் பயன் இருந்தால் அனுமதி உண்டு. ஆகவே வயது என்பது வளர்ப்பவரின் வசதியை மட்டும் பொறுத்ததல்ல.

அடுத்து, தேவை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். ஒரே ஒரு கிடா, பக்கத்தில் பெட்டை ஆடு இல்லை, முட்டுக் குணமும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். பெட்டைகளோடு சேர்த்து வளர்த்தால் நிலை வேறு. வெள்ளாட்டுக் கிடா நான்கைந்து மாதத்திலேயே இணைசேரும் பருவத்தை அடைந்துவிடும். தாய், கூடப் பிறந்த பெட்டை என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. கிடா வாடையும் சண்டைக் குணமும் அதன் பிறகே கூடும்.

மிக இளம் வயதில் செய்வதிலும் ஆபத்து உண்டு. ஆண் சுரப்பு நின்றுவிட்டால் சிறுநீர்க் குழாய் முழு அளவுக்கு விரியாது. அந்தக் குறுகிய குழாயில் சிறு கல் அடைத்தாலும் கிடா சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கி, சில நாட்களில் இறந்துவிடக்கூடும். தானியமும் தவிடும் அதிகம் கொடுத்துக் கொழுக்க வைக்கும் வீடுகளில் இது கூடுதலாக வரும். பசுந்தழை, உப்பு, தாராளமான தண்ணீர் ஆகியவை கல் சேரும் வாய்ப்பைக் குறைக்கும்.

இரண்டையும் சீர்தூக்கினால், பருவத்துக்கு வருவதற்குச் சற்று முன், ஏறத்தாழ மூன்று மாத வயது பொருத்தமானது. குட்டி நலமாக இருக்க வேண்டும். விதைகள் இரண்டும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். பால்குடி மறக்கடிக்கும் அதே வாரத்திலும் ஈக்கள் மொய்க்கும் மழை நாட்களிலும் தவிர்ப்பது நல்லது.

கல்லாலோ கட்டையாலோ நசுக்கும் பழைய முறை வேண்டாம். அது வதை. கால்நடை மருத்துவர்கள் பர்டிசோ என்னும் இடுக்கியால் தோலைக் கிழிக்காமல் விதை நரம்பை மட்டும் நசுக்குவார்கள், ரத்தம் வராது. வலி குறைக்கும் ஊசியையும் கேட்டுப் பெறலாம். ரப்பர் வளையம் மாட்டினாலோ கத்தியால் அறுத்தாலோ ரணஜன்னித் தடுப்பூசி அவசியம். சில வாரங்களில் விதைகள் சுருங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

பெருநாளுக்குச் சில வாரங்களே இருக்கும்போது வளர்ந்த கிடாவை வாங்கி, வாடை போகட்டும் என்று காயடிப்பவர்களும் உண்டு. பிராணிக்கு வேதனை அதிகம், பலன் சொற்பம். புண் சீழ்பிடித்து வெளிப்படையான நோயாகவோ நொண்டலாகவோ மாறினால் அந்தக் கிடா குர்பானிக்கே தகாமல் போய்விடும். காயடித்த கிடாதான் வேண்டுமென்றால் முன்பே காயடித்து ஆறியதைத் தேடி வாங்குவதே சரி.

அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்கச் சொன்ன மார்க்கம், வளர்க்கும் மாதங்களிலும் அதே இரக்கத்தை நம்மிடம் எதிர்பார்க்கிறது. அல்லாஹ் நன்கறிந்தவன்.