ரேந்தையும் விடுதலையும்: தென் திருவிதாங்கூர்ச் சபைப் பெண்களின் கைத்தொழில்

திருச்சபை வரலாற்றை எழுதும்போது ஆலயங்கள் எழும்பியதையும், வேதாகமம் மொழிபெயர்க்கப்பட்டதையும், சங்கங்கள் இணைந்ததையும் விரிவாக எடுத்துரைக்கிறோம். பெண்களின் கைவேலையையோ ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகிறோம். நாகர்கோவிலில் தோன்றிய ரேந்தைப் பின்னல், அதாவது லேஸ் வேலை, அவ்வாறு கடந்துவிடத் தக்கதன்று. அடிமைத்தனம், ஊதியம், உடை ஆகிய மூன்றும் அதில் பின்னிக் கிடக்கின்றன.

தொடக்கம்

லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1818-லும், சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தா அம்மையாருடன் 1819-லும் தென் திருவிதாங்கூரில் ஊழியத்தைத் தொடங்கினர். 1819-லேயே நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஏற்பட்டது. பெண்பிள்ளை படிப்பதால் என்ன பயன் என்று பெற்றோர் வினவிய காலம் அது. வயலிலும் வீட்டிலும் உழைக்கும் சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பினால் ஏழைக் குடும்பத்திற்கு அது இழப்பாகவே இருந்தது. 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா அம்மையார் வாசிப்புடன் ரேந்தைப் பின்னலையும் கற்பிக்கத் தொடங்கினார்.

இத்தொழிலுக்குத் தறி வேண்டுவதில்லை. கெட்டியான திண்டின்மேல் சித்திரம் வரைந்து துளையிட்ட தாளைப் பொருத்துவர். நூல் சுற்றிய சிறு குச்சிகளை இணையிணையாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றியும் முறுக்கியும், துளைகளில் குண்டூசி குத்திப் பின்னுவர். பின்னி முடித்து ஊசிகளை எடுத்தபின், துணியின் ஆதாரமின்றியே பூவும் கொடியும் நூலில் நிற்கும். கூரிய கண்ணும், தவறாத எண்ணிக்கையும், மிகுந்த பொறுமையும் இதற்குத் தேவை. மண்வெட்டியும் கூடையும் அன்றி வேறு கருவி அறியாதவை எனக் கருதப்பட்ட கைகள் இந்நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்தன. ரேந்தையை ஐரோப்பியப் பெண்மணிகள் விலைகொடுத்து வாங்கினர். வருவாயின் ஒரு பகுதி பெண்கள் பள்ளிகளைத் தாங்கிற்று.

விலைகொடுத்த விடுதலை

அந்நாளில் திருவிதாங்கூரில் மனிதர் நிலத்தோடு விற்கப்பட்டனர். பள்ளியிற் பயின்ற சிறுமியரிலும் அடிமைகள் இருந்தனர். அவர்களுட் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பொருளைக் கொண்டே தங்கள் விடுதலையைப் பெற்றதாக மிஷனரிமார் பதிவு செய்துள்ளனர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை முற்றும் ஒழித்தது 1855-ல்தான். சட்டம் வருமுன்னரே ஒரு சிறுமி தன் விரல்களின் உழைப்பால் தன்னை மீட்டுக்கொண்டாள் என்பதை இறையியல் மாணவர் ஊன்றி நோக்கவேண்டும். மீட்பு என்னும் சொல்லை நாம் பிரசங்கபீடத்தில் எளிதாக உச்சரிக்கிறோம். அவளுக்கோ அது முழம் முழமாகப் பின்னப்பட்டது.

இதிலும் ஒரு முரண் உண்டு. பிறருடைய ஆடைக்கு அழகு சேர்த்த இப்பெண்களில் பலருக்குத் தங்கள் தோளை மூடும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் கிறிஸ்தவப் பெண்களுக்கெனக் குப்பாயம் ஒன்றை வடிவமைத்தனர். ஆயினும் மேலாடையை முன்னிட்டு எழுந்த கலகங்கள் 1858-59 வரை ஓயவில்லை. 1859 ஜூலையில் வெளியான அரச பிரகடனம் நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைவளித்தது. அதுவும், உயர்சாதியாரைப் போல உடுத்தலாகாது என்னும் தடையுடனேயே.

இடையன்குடியில்

மால்ட் தம்பதியரின் மகள் எலிசா 1844-ல் இராபர்ட் கால்டுவெலை மணந்து இடையன்குடி சென்றார். தாயிடம் கண்ட கலையைத் திருநெல்வேலித் தேரிக்காட்டுப் பெண்களுக்கும் கற்பித்தார். லண்டன் மிஷனின் கைத்தொழில் இவ்வாறு ஆங்கிலிக்கன் சபைக்குள் புகுந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவாவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, இரு மரபுகளையும் ஒரு நூல் இணைத்துவிட்டது எனலாம்.

நாம் கற்கவேண்டியது

எனினும் இவ்வரலாற்றை வெறும் புகழுரையாக்குதல் நேர்மையாகாது. மாதிரிச் சித்திரமும், விலையும், வாங்குவோர் தொடர்பும் மிஷனரி அம்மையாரின் பொறுப்பிலேயே இருந்தன. பின்னியவள் தன் வேலையை அணிந்தவளைக் கண்டதில்லை. மிஷன் எழுத்துகள் இப்பெண்களின் ஒழுங்கையும் தூய்மையையும் பாராட்டிய அளவிற்கு அவர்களது உழைப்பைத் தொழிலாக மதிக்கவில்லை. கற்பித்தவர் பெயர்களை நாம் அறிவோம்; பின்னியவர் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. யோப்பா பட்டணத்து விதவைகள் தொற்காள் செய்த அங்கிகளைப் பேதுருவுக்குக் காட்டி அழுதபோது, தைத்தவளின் பெயர் வேதத்தில் நிலைபெற்றது என்பதை இங்கு நினைவுகூர்கிறோம்.

ஆகவே சபை ஊழியருக்கு இரு கடமைகள் உண்டு என்போம். முதலாவது, ரேந்தை பின்னிய குடும்பங்களின் மூத்த பெண்மணிகளை அணுகி, அவர்கள் நினைவிலுள்ள பெயர்களையும் கூலியையும் வேலைமுறையையும் எழுதிவைத்தல். இரண்டாவது, நம் சபைகளில் நடைபெறும் தையல் வகுப்புகளை இவ்வரலாற்றின் ஒளியில் ஆராய்தல். அங்கு வரும் பெண் ஒரு கலையைக் கற்று மகிழ்கிறாளா? அதன் ஊதியம் அவள் கைக்கே வருகிறதா? விலையைப் பேசும் இடத்தில் அவளுக்கும் இருக்கை உண்டா? இவ்வினாக்களுக்கு விடையளிக்க இயலுமானால்தான் நாகர்கோவிற் சிறுமியரின் வாரிசுகள் என நாம் நம்மைக் கூறிக்கொள்ளலாம்.