தனியார் காடும் சிற்றூர் உழைப்பும்



காடு என்றதும் அரசாங்கத்தின் உடைமை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆயின், தனியார் வளர்த்த காடுகளுக்கும் நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. சிற்றூர்க் கூலி மக்களின் பிழைப்போடு பிணைந்த வரலாறு அது.

1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமனம் பெற்றார். அக்காலத்து இரயில் எஞ்சின்கள் பெரிதும் விறகையே எரித்தன. காடுகள் குறையவே, 1860-களில் நெல்லூர்க் கடற்கரை மணலில் சவுக்கு நடும் முயற்சி தொடங்கிற்று. பின்னர் நிலவுடைமையாளரும் அதனைக் கைக்கொண்டனர். செங்கற்பட்டு, தென்னார்க்காடு மாவட்டக் கரையோரங்களில் சவுக்குத் தோப்புகள் பெருகின.

சவுக்கின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்திற்கு உணவாக்கித் தருகின்றன. ஆதலின் வேறு பயிர் விளையாத மணலிலும் அது செழிக்கும். விளைவற்றுக் கிடந்த அந்நிலத்தில் எத்தனை வேலைகள் பிறந்தன என்று பாருங்கள்! நாற்றங்கால் அமைத்தல், நடுதல், குடத்தால் நீர் வார்த்தல், பக்கக் கிளை கழித்தல், வெட்டுதல், வேர்க்கட்டை தோண்டுதல், கரி சுடுதல், வண்டியேற்றுதல் என அவை விரியும். பந்தலுக்கும் சாரத்திற்கும் கழி, அடுப்பிற்கு விறகு எனச் சந்தையும் அருகிலேயே இருந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு. ஐந்து ஏக்கர் தோப்பை ஒருங்கே வெட்டினால் ஒரு பருவத்திற்கே கூலி கிடைக்கும். ஆண்டுக்கு ஓர் ஏக்கராக வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே மறுநடவு செய்தால் ஆண்டுதோறும் வேலை உண்டு. காடு பேணுதல் என்பதன் பொருள் இதுவே.

இதற்கு மாறான காட்சியை ஜமீன் காடுகளில் காண்கிறோம். 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கைவிட்டுப் போகுமுன் காசாக்கிவிட வேண்டும் என்று ஜமீன்தார் பலர் காடுகளை வெட்டி விற்கலாயினர். வெட்டும் வரை கூலி கிடைத்தது. பின்னர் குடிகளுக்குத் தழையுரமும் இல்லை, விறகும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. இதனைத் தடுக்கவே 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. முன் அனுமதியின்றிக் காட்டை வெட்டுதலையும், குடிகளின் வழக்குரிமைகளில் தலையிடுதலையும் அது தடுத்தது.

எனினும், மரம் நட்டால் எங்கும் வேலை பெருகும் என்று கொள்ளுதல் பிழை. 1980-களில் கர்நாடகத்துக் கோலார் மாவட்டத்தில் கேழ்வரகு விளைந்த நிலங்களில் தைலமரம் பரவியபோது, களையெடுப்பும் அறுவடையும் போய்க் கூலி வேலை குறைந்ததென்று ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பிய ஆலைகள் விவசாயிகளோடு நேரடித் தொடர்பு கொண்டு மூலப்பொருளைப் பெறவேண்டும் என்றது. அதன்பின் இவ்வெச்சரிக்கை மேலும் தேவையாயிற்று.

ஆகவே, தனியார் காடு வேலை தரும் என்று எவரேனும் கூறக் கேட்டால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். மரம் நிற்கும் இடத்தில் முன்பு என்ன விளைந்தது? வெட்டிய இடத்தில் மறுபடியும் நடுகிறார்களா? அக்காட்டில் ஊராருக்கிருந்த உரிமை என்னவாயிற்று? இவற்றிற்கு விடை கிடைத்தால், அக்காடு எத்தனை வீட்டு அடுப்பை எரியச் செய்யும் என்பதும் தெளிவாகும்.