விழுங்கணுக்களும் காசநோயும்

முன்னறிமுகம் இல்லாத கிருமியையும் கண்டதும் விழுங்கிவிடும் வெள்ளையணுக்களைப் பாடநூல்கள் காவலர் என்றே புகழ்கின்றன. அவற்றின் வேலை முதலில் விளங்கத் தொடங்கிய காலத்தில் மருத்துவர் பலர் நேர்மாறாக நினைத்தார்கள். அந்த நினைப்பு முழுக்கப் பிழையன்று என்பது என் கருத்து.

1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் ருஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவ், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. ரத்த நாளமே இல்லாத உடல் அது! அழற்சி என்பது நாளங்களின் கோளாறு என்ற கொள்கை ஆட்டங்கண்டது. ஆனால் வெள்ளையணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து பரப்புகின்றன என்றே அன்றைய நோய்க்குறியியலார் பலர் கற்பித்தனர். அவை காவலரே என்று கால் நூற்றாண்டு வாதாடிய மெச்னிகோவ், 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதே 1882இல்தான் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை பெர்லினில் அறிவித்தார். தோற்ற கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்தது போன்ற கிருமி அது. மூச்சோடு நுரையீரலின் காற்றறைக்குள் இறங்கும் அதை அங்கே குடியிருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கணு விழுங்குகிறது. விழுங்கியது செரிக்க, அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் பை வந்து கலக்க வேண்டும். அந்தக் கலப்பையே தடுத்துவிட்டு, தன்னைத் தின்ன வந்த அணுவுக்குள் கிருமி பெருகுகிறது. மேலும் அணுக்கள் சூழ்ந்து கிரானுலோமா என்ற கட்டி எழுகிறது. கிருமியை அடைத்துவைக்கும் மதில் என்றே இதை நெடுங்காலம் நம்பினார்கள். பரோடாவில் மருத்துவம் பயின்ற லலிதா ராமகிருஷ்ணனின் குழு, காசக் கிருமியின் உறவுக் கிருமி ஒன்றை வரிக்குதிரை மீனின் குஞ்சில் செலுத்திப் பார்த்தது. மெச்னிகோவுக்கு வாய்த்தது போலவே உள்ளே நடப்பதெல்லாம் தெரியும் உடல். 2009இல் வெளியான முடிவு இது: புதிய மேக்ரோபேஜ்கள் கட்டிக்குள் புகுந்து, இறந்த அணுக்களோடு கிருமியையும் விழுங்குகின்றன, சில வெளியேறி வேறிடத்தில் புதுக் கட்டிக்கு வித்திடுகின்றன.

அதற்காக மதிலே பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் மருந்து பெற்ற சிலருக்கு, உள்ளே உறங்கிய காசம் விழித்துக்கொண்டது. மேக்ரோபேஜ்களுக்கு உரமூட்டும் புரதங்களில் அதுவும் ஒன்று. மீன்குஞ்சிலோ, அதே புரதம் மிகுந்தபோது அவ்வணுக்கள் சிதைந்து கிருமியை வெளியே விட்டன. முடக்குவாத மருத்துவர்கள் இன்று அந்த மருந்தைத் தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும், மறைந்திருக்கும் காசத்துக்கான தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் கேட்பது, உறங்கும் காசம் அப்படி விழித்துவிடக்கூடும் என்பதால்தான்.