குலவழிப் புற்றுநோயும் அறிவின் உரிமையும்

நோயைப் பற்றிய அறிவு நோயாளியின் வாயினின்றே முதலிற் பிறப்பதுண்டு. ஒரு குடும்பத்திலே தாயைக் கொன்ற நோய் மகளையும் கொல்லக் கண்டோர் அதனை ஊழ் என்றனர், சாபம் என்றனர். மருத்துவருட் பலர் தற்செயல் என்றனர். இவ்விரு கூற்றும் பொருந்தா என நிலைநாட்டுதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது. பரம்பரையாக வரும் புற்றுநோய்க் கேட்டினை முற்கூட்டியே அறியும் சோதனையின் வரலாறு, ஓர் உண்மை ஏன் நெடுங்காலம் ஏற்கப்படாது கிடந்தது என்பதையும், ஏற்கப்பட்டபின் அது யாருக்கு உரியது என்னும் வழக்கு எவ்வாறு எழுந்தது என்பதையும் ஒருங்கே காட்டுகின்றது.

பிரான்சு நாட்டுச் சத்திரவைத்தியரான போல் புரோக்கா, 1866 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டிகள் பற்றிய நூலிலே தம் மனைவியின் குலவழியை ஆராய்ந்தார். 1788 ஆம் ஆண்டு தொடக்கம் அக்குடும்பத்தில் நிகழ்ந்த மரணங்களைத் தலைமுறை தலைமுறையாக வகுத்தபோது, பெண்கள் பலர் மார்புப் புற்றுநோயால் இறந்தமை புலனாயிற்று. இத்துணை மரணங்கள் ஒரு குலத்திற் குவிதல் தற்செயலாகாது என்பது அவர் துணிபு. ஆயினும் பரம்பரைவிதிகளைக் கூறிய மெண்டலின் கட்டுரை அவ்வாண்டிலேதான் அச்சேறியது; அதன் பெருமையை உலகம் 1900 வரை உணர்ந்திலது. ஆகவே புரோக்காவின் கண்டுபிடிப்பு காரணம் அறியப்படாத செய்தியாகவே நின்றுவிட்டது.

அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்து நோயியலறிஞர் ஓல்ட்றெட் வோதின் என்பாரிடம் 1895 இல் தையற்காரி ஒருத்தி தன் துயரைக் கூறினாள். தன் குடும்பத்தார் பெரும்பாலும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டு மாண்டனர் என்றும், தானும் அவ்வாறே இளமையில் மடிவது உறுதி என்றும் அவள் சொன்னாள். அவள் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோய் அவளைக் கொண்டுசென்றது. வோதின் அச்சொல்லைப் புறக்கணியாது அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913 இல் வெளியிட்டார்.

இவ்வறிவு அப்போதே வேரூன்றாமைக்குக் காரணங்கள் உள. ஒன்று, புற்றுநோயின் மூலத்தை அறிஞர் வேறிடங்களில் தேடினர். 1911 இல் கோழிகளின் கட்டியொன்று வைரசால் உண்டாவது காட்டப்பட்டது. 1950 இல் புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. அவை உண்மையே, ஆனால் முழு உண்மையல்ல. மற்றொன்று, பரம்பரை என்னும் சொல்லே களங்கமுற்றது. இனமேம்பாடு என்ற பெயரால் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907 இல் கட்டாய மலடாக்கச் சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டமொன்றை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1927 இல் செல்லும் என்றது. யேர்மனியில் நாட்சிகள் அக்கொள்கையைக் கொடுமையின் எல்லைக்கே கொண்டுசென்றனர். அதன்பின், நோய் குலத்தால் வருவது என்று கூறுதற்கே பலர் கூசினர்.

இச்சூழலிலே ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் 1962 இல் ஒமாகா நகரில் நோயாளி ஒருவரைக் கண்டார். அவர் குடியினால் நலிந்தவர். ஏன் குடிக்கின்றீர் என வினவியபோது, தம் குடும்பத்தாரைப் போலத் தாமும் குடற்புற்றுநோயால் இறக்கவிருப்பதே காரணம் என்றார். தையற்காரியின் சொல் அறுபத்தேழு ஆண்டுகளின் பின் மீண்டும் ஒலித்தது போலும்! லிஞ்ச் அத்தகைய குடும்பங்களின் வரலாற்றை 1966 இல் வெளியிட்டார். வோதின் ஆராய்ந்த குடும்பத்தையும் தொடர்ந்து ஆராய்ந்து 1971 இல் எழுதினார். அவர் கேட்ட ஆராய்ச்சிப் பணவுதவி மறுக்கப்பட்டது. இன்று அந்நோய்க்கூட்டம் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1971 இலேயே அல்பிரட் நட்சன் என்பார், விழித்திரையில் தோன்றும் புற்றுநோயுற்ற 48 நோயாளரை ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். கட்டியைத் தடுக்கும் பரம்பரையலகு ஒவ்வொரு கலத்திலும் இருபடியாக உளது. இரண்டும் பழுதுற்றாலன்றிக் கட்டி தோன்றாது. பழுதுற்ற படியொன்றைப் பெற்றோரிடமிருந்து பெற்றுப் பிறந்தவருக்கு இன்னொரு பழுதே போதும். ஆதலின் நோய் இளமையில், பெரும்பாலும் இரு கண்களிலும் வருகின்றது என்பது அவர் கருத்து.

மேரி கிளெயர் கிங் என்னும் அம்மையார் 1974 இல் மார்புப் புற்றுநோயின் பரம்பரையை ஆராயத் தொடங்கினார். நோய் தோன்றிய வயதின்படி குடும்பங்களை வரிசைப்படுத்தியதே அவர் கண்ட உபாயம். இளவயதில் நோயுற்றோர் குடும்பங்களை முன்வைத்து நோக்கியபோது, 17 ஆவது நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி நோயுடன் சேர்ந்தே இறங்கி வருவது 1990 இல் தெளிவாயிற்று. பின்னர் பல நாட்டு ஆய்வுகூடங்களும் போட்டியிட்டன. மார்க் ஸ்கொல்னிக்கின் குழுவினர் யூற்றாவில் 1994 இல் பீ.ஆர்.சீ.ஏ. 1 என்னும் பரம்பரையலகைக் கண்டனர். இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்ற்றாற்றன் குழுவினர் 1995 இல் பீ.ஆர்.சீ.ஏ. 2 ஐ அறிவித்தனர். இவை டீ.என்.ஏ. இழைகளில் நேரும் முறிவைச் சீர்செய்ய உதவுவன. பழுதுற்ற படி தாயிடமிருந்து மட்டுமன்றித் தந்தையிடமிருந்தும் வரலாம். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது சேரும் வாய்ப்பு இரண்டிலொன்று.

அறிவு பிறந்தவுடன் உரிமைப்போர் பிறந்தது. யூற்றாவின் மிரியட் கம்பனி 1996 முதல் சோதனையை விற்று, அப்பரம்பரையலகுகளுக்குக் காப்புரிமையும் பெற்றது. அமெரிக்காவில் வேறெந்த ஆய்வுகூடமும் அச்சோதனையைச் செய்யவியலாது போயிற்று. விலையோ பின்னாளில் 3,000 டொலரையும் கடந்தது. குடும்பங்கள் தம் இரத்தத்தையும் இறந்தோர் கதைகளையும் பல நாட்டு அறிஞர்க்கும் மனமுவந்து கொடுத்தமையாலன்றோ அவ்வறிவு வளர்ந்தது! 2009 இல் நோயாளரும் மருத்துவரும் அறிஞர் சங்கங்களும் வழக்கிட்டனர். 2013 யூன் 13 ஆம் திகதி, இயற்கையில் உள்ளவாறான டீ.என்.ஏ. எவருக்கும் காப்புரிமைப் பொருளாகாது என உயர்நீதிமன்றத்து ஒன்பது நீதியரசரும் ஒருமனதாகத் தீர்த்தனர். ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட பிரதிக்கு மட்டும் உரிமை கோரலாம் என்றனர். 1927 இல் பரம்பரையைக் காரணங்காட்டி மனிதவுடலைச் சிதைக்க இசைந்த அதே நீதிமன்றம் இத்தீர்ப்பை வழங்கியமை வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது.

மற்றோர் அச்சம், அறிந்தவனையே அறிவு தண்டிக்குமோ என்பது. சோதனையின் பெறுபேறு கண்டு தொழில் தருவோரும் காப்புறுதியாளரும் ஒருவரை ஒதுக்கிவிடக்கூடும். 2008 இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் தொழிலிலும் சுகாதாரக் காப்புறுதியிலும் அதனைத் தடுத்தது; ஆயுட்காப்புறுதியை அது தொட்டிலது.

சோதனை கூறுவது வாய்ப்பின் அளவு; தீர்ப்பன்று. 2017 இல் வெளியான பேராய்வின்படி பழுதுற்ற பீ.ஆர்.சீ.ஏ. 1 உடைய பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் எண்பது வயதிற்குள் மார்புப் புற்றுநோயுறுவர். 44 பேர் சூலகப் புற்றுநோயுறுவர். எஞ்சியோர் தப்புதலும் உண்டு. இன்னொரு புறம், மார்புப் புற்றுநோயுற்றோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது குலவழி வருவது. ஆகையாற் சோதனையிற் பழுதில்லை என்றவர் அந்நோய்க்கு அஞ்சவேண்டாதவர் ஆகார். பழுது கண்டவர்க்கு இடைவிடாத பரிசோதனை, மருந்து, உறுப்பை முற்கூட்டியே அகற்றுதல் என வழிகள் பல உள. எதனைத் தெரிவது என்பது அவரவர் துணிபாகும். அறிய விரும்பாதிருத்தலும் ஒருவர் உரிமையே. ஆனால் ஒருவர் பெறும் விடை அவர் சகோதரிக்கும் மகளுக்கும் உரிய செய்தியாகவும் இருத்தலால், அவ்வுரிமையின் எல்லை யாது என்னும் வினா இன்னும் தீர்ந்திலது.

தையற்காரி தன் முடிவை அறிந்திருந்தாள். அதனைத் தடுக்கும் வழியை அவளுக்குச் சொல்வார் எவரும் இருந்திலர். அவள் சொன்னதை ஒருவர் எழுதிவைத்தார். பின்வந்தோர் அதனைத் தொடர்ந்தனர். அவ்வாறு சேர்ந்த அறிவினால், அவளைப் போன்ற மகளிர் இன்று தம் நோயைத் தொடக்கத்திலே கண்டு உயிர்பிழைக்கின்றனர்.